கையில் டாட்டூ, மூக்கில் வளையம்: வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். சம்பளத்துக்கு அடுத்தபடியாக இளையவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது டாட்டூவையும் காது, மூக்கு குத்தியதையும் பற்றித்தான். இப்போதெல்லாம் எச்.ஆர். பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

டாட்டூ இருந்தால் வேலையே கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. அதற்காக, "இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்" என்று சொல்பவர்களையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அந்த இருக்கையை வாடிக்கையாளர் நேரில் பார்ப்பாரா, மாட்டாரா என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரே நட்சத்திர ஓட்டலில் வரவேற்பு மேசையில் நிற்பவருக்கு ஒரு கணக்கு, உள்ளே கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு கணக்கு. நகைக்கடை, பட்டுக்கடை, தனியார் வங்கிக் கவுண்டர், பள்ளிக்கூடம் ஆகிய நான்கு இடங்களில் இன்றும் முழங்கைக்குக் கீழே எதையாவது கண்டால் பேச்சு வேகம் குறைவதைப் பார்க்கிறேன்.

மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது. அது யார் கை என்று பார்க்கிறார்கள். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க வரும் அம்மாவின் முன்கையில் புள்ளி வைத்த கோலமும் புருஷன் பெயரும் பச்சையாக இருக்கும். யாரும் கண்டுகொள்வதில்லை. அதே மாடியில் புதிதாகச் சேர்ந்த பையனின் மணிக்கட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நங்கூரம் இருந்தால் டீ இடைவேளையில் அதுதான் பேச்சு. 1970களில் எம்.ஜி.ஆர். தன் கட்சிக்காரர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது குத்திக்கொண்டவர்கள் அந்தக் கையோடுதான் கடை வைத்தார்கள், வயல் பார்த்தார்கள். தமிழ்நாட்டுக்குப் பச்சை புதிதே இல்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற கைக்கு அது வந்தபோதுதான் பலருக்கு உறுத்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் வேலையில் டாட்டூ வைத்திருப்பவரைக் காக்கவோ தடுக்கவோ இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் சமத்துவம் பேசுகின்றன, ஆனால் அவை அரசையும் அரசு வேலையையும் பற்றியவை. ஒரு தனியார் கம்பெனி "இந்தத் தோற்றம் எங்களுக்குச் சரிவராது" என்று சொன்னால் அந்தப் பிரிவுகளைக் காட்டி நேரடியாகச் சண்டை போட முடியாது. ஆகவே உங்களுக்கு உண்மையில் பொருந்தும் சட்டம், ஆபர் லெட்டரோடு வரும் ஹேண்ட்புக்கில் தோற்றம் பற்றி இருக்கிற அந்த ஒரு பத்திதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு.

அரசு வேலை எல்லாவற்றுக்கும் டாட்டூ தடையா?

இல்லை. இந்த வதந்தி பயிற்சி மையங்களில் வளர்ந்து ஊரெல்லாம் பரவியிருக்கிறது. உடற்தகுதித் தேர்வு உள்ள சீருடைப் பணிகளில்தான் இதை விதியாக எழுதி வைப்பார்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் மட்டும் உள்ள மேசை வேலைகளின் அறிவிப்புகளில் பொதுவாக இப்படி ஒரு பத்தியே இருக்காது. 2019 ஜூனில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணைகூட சேலை, சல்வார், சட்டை, வேட்டி என்று உடையைப் பற்றியதுதான்.

ராணுவம், சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்றவற்றுக்கு விதி என்ன?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேலூர், தேனி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் பையன்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

தரைப்படை இரண்டு இடங்களில் நிரந்தரப் பச்சையை அனுமதிக்கிறது. ஒன்று முன்கையின் உட்புறம், அதாவது முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள பகுதி. இன்னொன்று புறங்கை. தோள், மார்பு, கழுத்து, கால் என்று வேறெங்கே இருந்தாலும் சிக்கல். அரசு அங்கீகரித்த பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்கு அவர்கள் வழக்கத்தை ஒட்டி விலக்கு உண்டு. நீலகிரித் தோடர்களிடம் பெண்கள் பச்சை குத்திக்கொள்ளும் மரபு இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த விலக்கு ஏன் வேண்டும் என்பது புரியும்.

சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் விதி இன்னும் இறுக்கம். மதச் சின்னம், பெயர் போன்றவற்றுக்குத் தடையில்லை. ஆனால் முன்கை என்றால் இடது முன்கையின் உட்புறம் மட்டும்தான். வலது கை சல்யூட் அடிக்கிற கை, அதில் எதுவும் கூடாது என்பது காரணம். அளவும் பார்ப்பார்கள், அந்த உறுப்பின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்.

வலது முன்கையின் உட்புறத்தில் அம்மா பெயரைக் குத்திய பையன் ராணுவ மருத்துவரிடம் தேறிவிடுவான், சி.ஆர்.பி.எஃப். மருத்துவரிடம் தேறமாட்டான். கை ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். ஆகவே "பக்கத்து வீட்டு அண்ணன் போனாரே" என்பதை ஆதாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். இன்னும் குத்தவில்லை என்றால், பணி ஆணை கைக்கு வரும்வரை குத்தாதீர்கள். காதலி பெயர் எங்கும் ஓடிவிடாது.

மருத்துவத் தேர்வில் நிராகரித்துவிட்டார்கள். அழித்துவிட்டால் சேர்த்துக்கொள்வார்களா?

சில வழக்குகளில் நீதிமன்றங்கள் கதவைத் திறந்திருக்கின்றன. வலது புறங்கையில் இருந்த மதச் சின்னத்துக்காக நிராகரிக்கப்பட்ட ஒருவருக்கு, அதை அழித்துவிட்டு மறுபடி மருத்துவக் குழுவின் முன் வர 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு வார அவகாசம் கொடுத்தது. அதற்கு முன்பே, 2017இல், சி.ஐ.எஸ்.எஃப். தொடர்பான ஒரு வழக்கில் மும்பை உயர் நீதிமன்றமும் விண்ணப்பதாரர் பக்கம் நின்றது. இரண்டுமே அந்தந்த வழக்குக்கான தீர்ப்புகள். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு வாரம் என்று சொல்வது எளிது. லேசரில் ஒரே சிட்டிங்கில் எதுவும் முழுதாகப் போகாது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நடுவில் ஆறு முதல் எட்டு வாரம் தோல் ஆற விடவேண்டும், பல சிட்டிங் தேவைப்படும். கறுப்பு மை சுலபமாகப் போகும், பச்சை நிற மையும் மஞ்சள் மையும் அடம்பிடிக்கும். நம்முடைய மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் வெளுத்தோ கறுத்தோ போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், நம் தோலில் பழகிய தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நீதிமன்றம் கொடுக்கிற அவகாசத்துக்குள் முடிகிற ஒரே வழி, சின்னப் பச்சையாக இருந்தால் அந்தத் தோலை வெட்டியெடுத்துத் தைப்பது. தழும்பு நிற்கும். மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் "டாட்டூ ரிமூவர்" கிரீம், உப்புத் தேய்ப்பது, ஆசிட் வைப்பது, இவற்றின் பக்கமே போகாதீர்கள். பச்சை போகாது, புண்தான் மிஞ்சும்.

ஐ.டி. கம்பெனியில் யாரும் கேட்கமாட்டார்கள்தானே?

பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மதிய நேரம் உணவு வளாகத்தில் நின்று பார்த்தால் போதும், தோள்பட்டையிலிருந்து மணிக்கட்டு வரை வரைந்த கைகள் அடையாள அட்டையோடு தட்டேந்தி வரிசையில் நிற்கும். கிளையண்ட் நேரில் வரும் நாள், வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சு, மேனேஜர் பதவிக்கான பேனல் என்று வரும்போது மட்டும் பழைய பார்வை எட்டிப் பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், கிளையண்ட் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை. கிளையண்ட் என்ன நினைப்பாரோ என்று பயப்படுவது நம்மூர் டெலிவரி மேனேஜர்தான்.

விமான நிறுவனங்கள்?

இந்திய நிறுவனங்களில் கேபின் க்ரூ வேலைக்குச் சீருடை போட்டபின் டாட்டூ எதுவும் வெளியே தெரியக்கூடாது என்பது வழக்கம். சேலையோ ஸ்கர்ட்டோ, எது சீருடையோ அதைப் போட்டு, கையைத் தூக்கி மேலே பெட்டி வைக்கும் நிலையில் நின்று பாருங்கள். மேக்கப் போட்டு மறைப்பதைப் பல தேர்வாளர்கள் ஏற்கமாட்டார்கள்.

வெளியே காற்று மாறிவருகிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் முகப் பச்சை அவர்களுடைய வம்சாவளியைச் சொல்வது. அதை மறைக்கச் சொல்வது சொந்த ஊரிலேயே அவமானம் என்ற பேச்சு எழுந்தபின், 2019 செப்டம்பரில் ஏர் நியூசிலாந்து அந்தப் பச்சையையும் மற்ற டாட்டூக்களையும் சீருடையோடு வெளியே காட்ட அனுமதித்தது. 2022இல் விர்ஜின் அட்லாண்டிக்கும் அதே வழிக்கு வந்தது. இவற்றை இங்குள்ள நேர்காணலில் மேற்கோள் காட்டாதீர்கள். பலன் இருக்காது.

மூக்குத்தி போட்டால்கூட கேட்கிறார்களே, இது நம் வழக்கம்தானே?

நம் ஊரில் ஒற்றைக் கல் மூக்குத்தியை யாரும் கேட்பதில்லை. பிரச்சினை வருவது வளையத்துக்கும், இரண்டு பக்கமும் குத்தியதற்கும், புருவம், உதடு, மூக்கின் நடுத்தண்டு ஆகியவற்றுக்கும்தான். நடுத்தண்டில் தொங்கும் புல்லாக்கைப் போட்டு நம் பாட்டிகள் திருமணமே செய்துகொண்டார்கள். அதே இடத்தில் வெள்ளி வளையம் மாட்டிய பெண்ணை மட்டும் பேனல் மேலும் கீழும் பார்க்கிறது. விதி எழுதுகிறவர்களின் மனதில் இருப்பது நகை எந்த உறுப்பில் இருக்கிறது என்பது இல்லை, அதைப் போட்டவள் அடங்கியவளா, அடங்காதவளா என்கிற ஊகம்தான். நான் இதை எச்.ஆர். நண்பர்களிடம் நேராகவே சொல்வதுண்டு. சிலருக்குக் கோபம் வரும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு இது வேறு மாதிரியான சண்டை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரப் பள்ளி ஒன்று, தமிழ் வழி வந்த இந்துக் குடும்பத்து மாணவி மூக்குத்தியைக் கழற்ற வேண்டும் என்றது. வழக்கு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. மதம் கட்டாயமாக விதித்ததை மட்டுமல்ல, ஒருவர் தானாக விரும்பிப் பின்பற்றும் பண்பாட்டு வழக்கத்தையும் காக்கவேண்டும், மூக்குத்திக்கு விலக்குத் தராதது நியாயமற்ற பாகுபாடு என்று 2007இல் தீர்ப்பு வந்தது. சட்ட வட்டாரத்தில் அதைப் பிள்ளை வழக்கு என்பார்கள். பள்ளி வழக்குதான், என்றாலும் சீருடையும் விதிவிலக்கும் பற்றிப் பேசுகிற யாரும் அதைத் தொடாமல் போவதில்லை.

ஆண் காதில் கடுக்கன்?

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மொட்டை அடித்து, ஊருக்கே கறி விருந்து போட்டுக் குத்திய காதுதான் இது. இருபது வருடம் கழித்து அதில் ஒரு கல் மின்னினால் மட்டும் "பையன் எப்படியோ" என்கிறார்கள். ஐ.டி., விளம்பரம், சினிமா, வடிவமைப்பு வேலைகளுக்குப் போட்டுக்கொண்டு போங்கள். வங்கி, காப்பீடு, மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை என்றால் முதல் நேர்காணலுக்குக் கழற்றிவைத்துவிட்டு, சேர்ந்து ஆறு மாதம் கழித்து மாட்டுங்கள். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வாடகை கட்ட வேண்டியவர்களுக்கு இதுதான் பயன்படும்.

கழற்றினால் துளை தூர்ந்துவிடுமா?

எப்போது குத்தியது என்பதைப் பொறுத்தது. காது மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம், மூக்கின் பக்கவாட்டுக்கு நான்கிலிருந்து ஆறு மாதம், காதின் மேல் குருத்தெலும்புக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்கு முன் கழற்றினால் ஒரே இரவில் மூடிக்கொள்ளலாம். கிராமத்தில் துளை தூராமல் இருக்க வேப்பங்குச்சியையோ துடைப்பக் குச்சியையோ ஒடித்துச் செருகிவைப்பார்கள். அதே யோசனைதான் இப்போது நிறமில்லாத பிளாஸ்டிக் குச்சியாகக் கடைகளில் கிடைக்கிறது. இரண்டடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. ஆறாத துளையில் மட்டும் மரக்குச்சி வேண்டாம், சீழ் பிடிக்கும்.

ஆகவே புது வேலை தேடும் காலத்தில் குத்தாதீர்கள். ஒன்று, வேலையில் சேர்ந்து விதி தெரிந்தபின் குத்துங்கள். இல்லையென்றால் கல்லூரி இறுதியாண்டின் தொடக்கத்திலேயே குத்திவிடுங்கள்.

மருத்துவமனை, ஓட்டல் சமையலறை, ஃபேக்டரி ஆகியவற்றில் நகையைக் கழற்றச் சொல்வதும் இதே மனநிலைதானா?

இல்லை, இங்கே காரணம் உண்மையானது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளில் நான்காம் அட்டவணை, உணவைக் கையாள்பவர் மோதிரம், வளையல், நகை, கடிகாரம் அணியக்கூடாது என்கிறது. சாம்பாரில் மூக்குத்தித் திருகாணி விழுந்தால் யார் பொறுப்பு? எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகக்கூடாது. சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் வளையம் போட்ட காது, காதையே இழக்கலாம். புதிதாகக் குத்திய டாட்டூவும் ஆறும்வரை திறந்த புண்தான், அதனால் அந்தச் சில வாரங்கள் சமையலறையில் முழுக்கை உடை வேண்டும்.

ஆறிப்போன டாட்டூவால் சோற்றுக்கும் நோயாளிக்கும் ஒரு கெடுதலும் இல்லை. "சுகாதாரம்" என்று சொல்லிப் பழைய டாட்டூவை மறைக்கச் சொல்லும் மேலாளர் உண்மையில் வேறு எதையோ சொல்கிறார்.

சாமி படம், தலைவர் முகம், சாதிப் பெயர், இவை எல்லாம் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. வேலும் சிலுவையும் பிறையும் பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை. தலைவர் முகம் கொஞ்சம் நெளிய வைக்கும். விற்பனை வேலையில் எதிரே உட்காருபவர் எந்தக் கட்சியோ!

சாதிப் பெயரையோ சாதிச் சின்னத்தையோ முன்கையில் குத்தியிருந்தால் நான் அந்த விண்ணப்பத்தை மேலே அனுப்பமாட்டேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதிக்கயிறு எவ்வளவு ரத்தம் பார்த்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்றவற்றை அணியத் தடை வேண்டும் என்று நீதியரசர் சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றையாவது அவிழ்க்கலாம். அலுவலகத்தில் ஒரே அணியில் பத்துப் பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது ஒருவர் கை தினமும் மற்ற ஒன்பது பேருக்கும் "நான் யார் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது தனிமனித சுதந்திரத்தோடு நின்றுவிடுகிற விஷயம் இல்லை.

நேர்காணலுக்கு மறைத்துக்கொண்டு போகலாமா?

போகலாம். முழுக்கைச் சட்டை போடுவது பொய் சொல்வது ஆகாது. மணிக்கட்டு என்றால் அகலமான வார் உள்ள கடிகாரம் போதும். கன்சீலரை மட்டும் நம்பாதீர்கள். மே மாதத்தில் கிண்டி ரயிலடியிலிருந்து நடந்து போய்ச் சேருவதற்குள் வியர்வையில் அது கரைந்து வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். டாட்டூவைவிட அந்தக் கறைதான் கண்ணை உறுத்தும்.

நேராகக் கேட்டால் மறைக்காதீர்கள். படிவத்தில் "உடலில் அடையாளங்கள்" என்று இருந்தால் எழுதிவிடுங்கள். ஆபர் கைக்கு வந்ததும், சேருவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "என் வலது முன்கையில் ஒரு டாட்டூ இருக்கிறது, உங்கள் தோற்ற விதியில் இதற்கு ஏதாவது கட்டுப்பாடு உண்டா?" பதில் எழுத்தில் வந்துவிட்டால் பின்னால் மேனேஜர் மாறினாலும் கவலை இல்லை.

வேலையில் சேர்ந்தபின் குத்திக்கொண்டால் நீக்க முடியுமா?

தனியாரில் அதற்காக மட்டும் நீக்குவதை நான் பார்த்ததில்லை. முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சீருடைப் பணியில் நிலைமை வேறு. 2024 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சிறப்புப் பாதுகாப்புப் படைப்பிரிவுக் காவலர்களுக்கு, சீருடையில் வெளியே தெரியும் டாட்டூக்களைப் பதினைந்து நாளுக்குள் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை என்று உத்தரவு போட்டார்கள். லேசர் எத்தனை மாதம் எடுக்கும் என்று மேலே சொன்னதோடு இந்தப் பதினைந்து நாளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எச்.ஆர். எங்கள் கம்பெனிக்கு விதி எழுதவேண்டும். என்ன எழுதட்டும்?

"கண்ணியமான தோற்றம்" என்று மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லை ஒவ்வொரு மேனேஜரும் தன் மாமியார் வீட்டுக் கண்ணோடு படிப்பார். எந்தப் பணிக்கு, உடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு என்று எழுதுங்கள். வெறுப்பு, ஆபாசம், சாதி ஆகியவற்றுக்குத் தடை என்று தெளிவாக எழுதுங்கள். பாதுகாப்புக்காகச் சொல்வதையும் பார்வைக்காகச் சொல்வதையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு விலக்குக் கொடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி விதி எழுதுவதற்கு முன் ஏன் என்று ஒரு முறை உங்களையே கேளுங்கள். அப்புறம், வேலைக்கான விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். மூன்று சுற்று நேர்காணல் முடித்து வந்தவரிடம் கடைசியில் "கழுத்தில் இருப்பதை என்ன செய்வீர்கள்" என்று கேட்பது அவருக்கும் அவமானம், உங்கள் மூன்று பேனலுக்கும் நேர விரயம்.

அலுவலக ரத்ததான முகாமில் டாட்டூவைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவும் பாகுபாடா?

இல்லை. டாட்டூ, காது குத்து, மூக்குக் குத்து எதுவானாலும் குத்தி 12 மாதம் ஆகும்வரை ரத்தம் எடுக்கக்கூடாது என்பது தேசிய வழிகாட்டுதல். ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி வந்திருக்கலாம், அது தெரியவரக் காலம் பிடிக்கும் என்பதற்காக இந்த ஏற்பாடு. குத்திய தேதியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு முகாமுக்குப் போங்கள், எடுத்துக்கொள்வார்கள்.